பெட்டி கட்டிய கயிறு

1

இந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் வாளிக்குத் தடை. உத்தரவு போட்டது நான்தான். வீட்டுக்காரர் வண்டிக்குச் சந்தனம் வைக்கலாம், குங்குமம் வைக்கலாம், தள்ளி நின்று சூடம்கூடக் காட்டிக்கொள்ளலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் மேல் படக் கூடாது.

“ஈரத்துணிய வச்சுத் தொடச்சுக்கிடட்டுமா?” என்று கேட்டார்.

“காஞ்ச துணி.”

“மாட்டுப் பொங்கலன்னைக்குக் காஞ்ச துணியா? ஊருல கேட்டா சிரிப்பாக.”

“போன வருஷம் நடந்ததக் கேட்டா அதவிடச் சிரிப்பாக” என்றேன். அவர் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

அது என்ன வண்டி என்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெயர் ஸ்னோமொபைல். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அகலமான ரப்பர் பட்டை, மேலே ஸ்கூட்டர் சீட்டை இழுத்து நீட்டியது மாதிரி ஓர் இருக்கை. பனியில் ஓடும். சாவியைத் திருகிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பிடியை வெடுக்கென்று இழுத்தால், உள்ளே சுருண்டிருக்கும் கயிறு இன்ஜினைச் சுழற்றிவிடும். பிடியை விட்டதும் கயிறு தானாக உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். கிளப்புவதற்கு வேறு வழி எதுவும் எங்கள் வண்டியில் கிடையாது. பட்டனை அமுக்கினால் கிளம்பும் வண்டிகள் இருக்கின்றன, அவற்றின் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் பேச்சை மாற்றிவிட்டோம்.

நாங்கள் இருப்பது கனடாவின் வடக்கே. ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, நர்ஸ் இருக்கும் ஒரு மருந்தகம், ஒரு தேவாலயம், சுற்றிலும் வீடுகள், அவ்வளவுதான் ஊர். வீட்டுக்காரர் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் அந்த ஒரே கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கு முன்னால் பெரிய ஏரி. விமானம் இறங்கும் இடம் அக்கரையில். கோடையில் படகில் போவோம். குளிர்காலத்தில் ஏரி உறைந்து தரையாகிவிடும், அதன்மேல் இந்த வண்டியில் போவோம். வத்திராயிருப்பில் பஸ்ஸை விட்டுவிட்டால் வருகிற லாரியில் தொற்றிக்கொண்டாவது ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்துவிடலாம். இங்கே வண்டி கிளம்பாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பருப்புச் சோறு சாப்பிட வேண்டியதுதான்.

மாடு இல்லாத ஊரில் எங்களுக்கு மாடு இதுதான். மாட்டுப் பொங்கலும் இதற்குத்தான்.

2

நாங்கள் வந்தது எண்பத்தெட்டில். எனக்குப் பிறந்த வீடு ராஜபாளையம். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும், அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். இங்கே முதல் பனி பெய்த அன்று வீட்டுக்காரர் அதே கோலத்தில் வந்து வாசலில் நின்றார். நான் யோசிக்காமல் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். தட்டத் தட்ட அது துண்டிலேயே உருகி, அவர் காதுவழியாகச் சட்டைக்குள் இறங்கியது. “என்னட்டி பண்ணுத?” என்று கத்தினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அப்பா ஞாபகமும் வந்தது.

வந்த புதிதில் பறிபோனது எங்கள் பெயர். வீட்டுக்காரருக்குப் பூர்வீகம் வத்திராயிருப்பு. அவர் பெயருக்கு முன்னால் ஊருக்காக ஒரு டபிள்யூ நிற்கும். வெள்ளைக்காரன் காலத்து எழுத்துக்கூட்டில் வத்திராயிருப்பு ‘வாட்ராப்’. குடியேற்ற அலுவலகத்தில் அந்த அம்மாள், “இந்த எழுத்துக்கு விரிவு என்ன?” என்று கேட்டாள். இவரும் மரியாதையாக “வாட்ராப்” என்றார். அவள் அதைக் குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து நாங்கள் வாட்ராப் குடும்பம். திருத்தலாம் என்று போனால் அதற்கு ஒரு மனு, மனுவுக்கு ஒரு பத்திரம், பத்திரத்துக்கு இந்தியாவிலிருந்து ஒரு சான்று. கஷ்டப்பட்டு வரவழைத்த சான்றிலும் டபிள்யூ என்று மட்டும்தான் இருந்தது. சரி, ஊர் நம்மோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். கடைக்கு வருகிறவர்கள் என் சட்டையில் குத்தியிருக்கும் பெயரைப் பார்த்து, “ஹாலந்துப் பக்கமா?” என்று கேட்பார்கள். “கூமாப்பட்டிப் பக்கம்” என்பேன். அவர்களும் தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

மகள் கோதை வரும்போது சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடம் போன கொஞ்ச நாளில் கேட் ஆகிவிட்டாள். கேட் வாட்ராப் என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் குறைந்தது. சமையல் வாசனை உடுப்பில் ஏறுகிறது என்று அறைக் கதவைச் சாத்தத் தொடங்கினாள். கடைக்கு வந்தால் வேறு யாரிடமோ பேசுவதுபோல என்னிடம் பேசுவாள். வீட்டில் ஒரு வாடகைக்காரி இருக்கிறமாதிரி ஆகிவிட்டது எனக்கு. வயசுப்பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். அவர் சொன்னதற்காக எனக்கு வலிக்காமல் இருந்துவிடவில்லை.

அவள் சந்தோஷமாக இருப்பதை நான் பார்த்தது கொட்டகையில்தான். வண்டியின் மூடியைத் திறந்துபோட்டு, கை முழுக்கக் கரியாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டார் வண்டிகளும் அவளிடம் வரும். பள்ளி முடிந்ததும் விமான மெக்கானிக் படிப்புக்கு எழுதிப் போட்டாள். தெற்கே நகரத்தில் இருக்கும் கல்லூரி. நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, அதுவும் போன வருஷப் பொங்கலை ஒட்டி.

எங்களுக்கு விமானம் தினமும் கிடையாது. நேர்காணலுக்கு முந்தின நாள் ஒன்று இருந்தது, அதை விட்டால் அடுத்தது எல்லாம் முடிந்த பிறகுதான். தேதியை மாற்ற முடியுமா என்று வீட்டுக்காரர் கல்லூரிக்குப் போன் செய்தார். அந்த எண்ணை அமுக்கு, இந்த எண்ணை அமுக்கு என்று ரொம்ப நேரம் இசை கேட்கவைத்துவிட்டு, கடைசியில் ஒருவர் வந்து கடிதம் எழுதச் சொன்னார். கடிதம் போவதும் அதே விமானத்தில்தான். இந்தத் தடவை தவறினால் ஒரு வருஷம் போச்சு.

“அப்படிப் போச்சுன்னா நான் திரும்ப அப்ளை பண்ண மாட்டேன்” என்றாள் கோதை. “உன்கூடக் கடையில உட்கார்ந்துக்கிறேன்.”

அதை ஆங்கிலத்தில் சொன்னாள். மிரட்டலாகத்தான் சொன்னாள், எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் என்னை மாதிரி ஆகிவிடுவதைத்தான் அவள் மிரட்டலாக வைத்திருந்தாள். அந்த விமானத்தில் அவளை ஏற்றியே தீர வேண்டும் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

3

விமானத்துக்கு முந்தின நாள் மாட்டுப் பொங்கல். வீட்டுக்காரர் லீவு போட்டார். கொட்டகையில் சின்ன ஹீட்டர் ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டு, வெந்நீரை வாளி வாளியாகக் கொண்டுபோய் வண்டியின் தலையில் ஊற்றினார். ஊரில் கண்மாய்க்கரையில் மாட்டைத் தேய்ப்பாரே, அதே தேய்ப்பு. “இதுக்கெல்லாம் தண்ணி ஊத்தலாமா?” என்று கேட்டேன். “மாட்டுப் பொங்கலுக்குக் கழுவாம இருக்கச் சொல்லுதியா?” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கழுவாத மாட்டுக்கு யார் பொட்டு வைப்பார்கள்? நானே போய்ச் சந்தனம் வைத்தேன், நானே பொங்கல் சோற்றில் ஒரு உருண்டை எடுத்து முன்னால் வைத்தேன். கோதை கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டு, “இது எலெக்ட்ரிக்கல் பாகத்துக்கு நல்லது இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை. இவருக்கு லீவு தீர்ந்துவிட்டது, பள்ளிக்குப் போக வேண்டும். அவளைக் கொண்டுபோய் விடுவது என் வேலை. புறப்படுகிற நேரத்தில் இவர் சூட்கேஸைத் தூக்கிக் கூடத்தில் வைத்தார், அலமாரிக்கு அடியிலிருந்து வெள்ளை நைலான் கயிற்றை எடுத்தார், குறுக்கும் நெடுக்கும் கட்ட ஆரம்பித்தார்.

“அப்பா, யாரும் சூட்கேஸ்ல கயிறு கட்ட மாட்டாங்க. ப்ளீஸ்” என்றாள் கோதை. தமிழில். அவ்வளவு அவசரம் அவளுக்கு.

“பூட்டுத் தெறிச்சிருச்சுன்னா உன் துணிமணியெல்லாம் ஏர்ப்போட் பூரா கெடக்கும்ட்டி” என்றேன் நான்.

“கிடக்கட்டும். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“கவனமான குடும்பம்னு நெனப்பாக” என்றார் இவர், முடிச்சை இறுக்கிக்கொண்டே. அவர் முடிச்சு போட்டால் போட்டதுதான்.

அந்தக் கயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் வாங்கியது. நாங்கள் புறப்படும்போது எங்கள் பெட்டிகளைக் கட்டி வந்த கயிறு. அன்றைக்கு ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அம்மா வழியனுப்ப வந்திருந்தாள். அந்த பஸ்ஸுக்கு பேட்டரி போய்விட்டிருந்தது. நிறுத்தினால் ஆள் வைத்துத் தள்ள வேண்டும் என்று டிரைவர் இன்ஜினை அணைக்கவே இல்லை. அது போட்ட சத்தத்தில் பஸ்ஸே நடுங்கியது. அம்மா ஜன்னலுக்குக் கீழே நின்று, என்னை நிமிர்ந்து பார்த்து என்னவோ சொன்னாள். வாய் அசைந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் “சரிம்மா, சரிம்மா” என்று தலையை ஆட்டினேன். பஸ் நகர்ந்துவிட்டது. பிறகு போனில் கேட்டேன், அன்றைக்கு என்ன சொன்னாய் என்று. “என்னத்தச் சொன்னேனோ, யாருக்குத் தெரியும்” என்றுவிட்டாள். இத்தனை வருஷமாக அது எனக்கு ஒரு குறைதான்.

4

வண்டி கொட்டகையில் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. ஹீட்டர் போட்ட இடம் அல்லவா, ஈரம் ஈரமாகவே இருந்திருக்கிறது. நான் ஓட்டினேன், கோதை பின்னால். சூட்கேஸ் பின்தட்டில். ஏரிக்குள் இறங்கியதும் காற்று முகத்தை அறுத்தது. அந்தக் குளிரை உங்களுக்கு எப்படிச் சொல்வது? மூக்குக்குள் இருக்கும் மயிர் குத்தும். அவ்வளவு சொன்னால் போதும்.

பாதி ஏரி தாண்டியதும் கோதை தோளைத் தட்டினாள். சூட்கேஸ் ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. நிறுத்தினேன். நிறுத்தியவள் சாவியையும் திருகி அணைத்துவிட்டேன். அது எங்கள் ஊர்ப் பழக்கம். ரயில்வே கேட் போட்டால் அணைப்போம், பால்காரரிடம் பேச நின்றால் அணைப்போம், பெட்ரோல் சும்மா எரியக் கூடாது. இந்த ஊர்க்காரர்கள் குளிரில் வண்டியை ஒருநாளும் நடுவழியில் அணைக்க மாட்டார்கள்.

“ஏம்மா ஆஃப் பண்ணினே?” என்றாள் கோதை.

“செத்த நேரந்தான. பெட்டியச் சரி பண்ணு.”

பெட்டியைச் சரி செய்தோம். ஏறி உட்கார்ந்து பிடியை இழுத்தேன். வரவில்லை. சிமெண்டில் பதித்த மாதிரி நின்றது. முந்தின நாள் ஊற்றிய வெந்நீர் எங்கெல்லாமோ புகுந்து, கயிறு சுருண்டிருக்கும் டப்பாவுக்குள் இப்போது பனிக்கட்டியாகியிருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது. பலத்தைக் கூட்டி இழுத்தேன். பொட்டென்று ஒரு சத்தம். பிடி என் கையோடு வந்துவிட்டது, எலிவால் நீளத்துக்குக் கயிறு தொங்கியது. நான் மல்லாக்கப் பனியில் கிடந்தேன்.

எழுந்து பார்த்தேன். நாலு பக்கமும் வெள்ளை. இக்கரை போய்ச் சேர நடக்கிற நேரத்தில் விமானம் போய்விடும், அக்கரைக்கு நடந்தாலும் அப்படியே. மற்ற நாளில் யாராவது அந்த வழியாக வண்டியில் போவார்கள். அன்றைக்கு ஒரு புள்ளிகூட நகரவில்லை.

கோதை என் கையிலிருந்த பிடியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லாமல், “சரி. அவ்வளவுதான்” என்றாள். அந்தக் குரல்தான் எனக்குப் பயம் தந்தது. கடையில் என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருப்பது அப்படியே கண்ணில் தெரிந்தது.

“அவ்வளவுதான்னு யாருட்டி சொன்னா?” என்றேன். “மூடியத் தெற.”

5

வத்திராயிருப்பில் என் புகுந்த வீட்டுக்கு நெல் வயல் உண்டு. எண்பதுகளில் அங்கே கரண்ட் வருவது அதன் இஷ்டம், வந்தாலும் மோட்டார் சுற்றாது, முனகும். அதனால் கிணற்றுமேட்டில் ஒரு மண்ணெண்ணெய் இன்ஜின் இருந்தது. அதில் சுருண்டுகொள்ளும் கயிறெல்லாம் கிடையாது. வெளியே ஒரு புல்லி இருக்கும். கயிற்றின் முடிச்சை அதன் வெட்டில் மாட்டி, சுற்றுச் சுற்றாகச் சுற்றி, ஒரே இழு. கயிறு முழுக்கக் கழன்று கையோடு வந்துவிடும், இன்ஜின் பிடித்தால் பிடிக்கும். பிடிக்காவிட்டால் மறுபடி சுற்ற வேண்டும்.

அதை இழுப்பதில் கெட்டிக்காரி வீட்டுக்காரரின் தங்கச்சி சண்முகத்தாய். என் வயசுதான் அவளுக்கும். கல்யாணமாகிப் போன புதிதில் நான் ஆசையாகக் கயிற்றைப் பிடித்தேன். சுற்றினேன், இழுத்தேன். இன்ஜின் “க்ளுக்” என்றது. மறுபடி, மறுபடியும் க்ளுக். வரப்பில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

“என்ன மதினி, கோலமாவு தூவுற மாதிரி இழுக்கீக?” என்றாள் சண்முகத்தாய். “எம்புட்டுப் பலம் இருந்தாலும் கையால இழுத்தா வராது. கால ஊணிக்கிட்டு ஒடம்போட திரும்புங்க.”

ஆத்திரத்தில் நான் கயிற்றைக் கைக்கு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன், வழுக்காமல் இருக்க.

“அய்யோ மதினி, கையில சுத்தாதீக!” என்று பாய்ந்து வந்து அவிழ்த்துவிட்டாள். பக்கத்து வயல்காரர் அப்படித்தான் சுற்றிக்கொண்டு இழுத்திருக்கிறார். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதறி, மணிக்கட்டு இரண்டாகப் போய்விட்டது. “விரல்ல பிடிங்க. அது உதைச்சா நீங்க விட்டுறணும்.”

அன்றைக்கு நான் கிளப்பவில்லை. அவள்தான் கிளப்பினாள். ஆனால் எனக்கு ரோஷம் பொல்லாதது. தினமும் கயிற்றைப் பிடித்து, ஒருநாள் கிளப்பினேன். தண்ணீர் வாய்க்காலில் திரும்பியதும் சண்முகத்தாய் சேற்றோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்துப் புதுச்சேலையைப் பாழாக்கினாள். கனடாவுக்கு வருகிறபோது, நான் படித்த எந்தப் படிப்பும் இங்கே செல்லுபடி ஆகாது என்று ஓர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இன்ஜின் கயிறு இழுக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

6

கோதை மூடியைத் திறந்தாள். பக்கவாட்டில் பெல்ட் ஓடும் இடத்தை மூடியிருந்த காப்பைக் கழற்றினாள். அவள் விரல்கள் எவ்வளவு சீக்கிரம் வேலை செய்கின்றன என்று அந்த அவசரத்திலும் பார்த்தேன். உள்ளே ஒரு பெரிய புல்லி.

“இது எங்க வயக்காட்டு இன்ஜின் மாதிரியேல்லா இருக்கு” என்றேன்.

“கயிறு அறுந்தா இதுல சுத்தி இழுக்கலாம். புஸ்தகத்துல இருக்கு. அதுக்குன்னு ஒரு கொக்கியும் கயிறும் டூல்ஸோட வரும்.” பையைத் துழாவினாள். வளைந்த இரும்புக் கொக்கி ஒன்று கிடைத்தது. “கயிறு எங்கம்மா?”

நான் அறுந்த பிடியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டேன்.

“அம்மா?”

“நம்ம பாத்ரூம்ல துணி காயுதே. அந்தக் கொடி அதுதான். புதுக்கயிறு சும்மா கெடக்கேன்னு அப்பா எடுத்துக் கட்டுனாக.”

கோதை என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். முகமூடிக்குள்ளிருந்து ஆவி ஆவியாக வந்தது. அவள் என்னோடு அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினவள் நிறுத்தினாள். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்தட்டில், குறுக்கும் நெடுக்கும் வெள்ளைக் கயிறு கட்டிய சூட்கேஸ்.

வீட்டுக்காரர் போட்ட முடிச்சு என்று சொன்னேன் அல்லவா. கையுறையோடு அவிழ்க்க வராது, கழற்றினால் விரல் மரத்துப்போகிறது. கத்தி எடுக்கப் போனாள் கோதை. “வெட்டாத, நீளம் பத்தாது” என்று பல்லால் கடித்து இழுத்தேன். நான் ஒரு முடிச்சு, அவள் ஒரு முடிச்சு. இரண்டு பேரும் சூட்கேஸைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்ததை யாராவது பார்த்திருந்தால், கவனமான குடும்பம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

கொக்கியில் கயிற்றைக் கட்டி, புல்லியில் மாட்டிச் சுற்றினேன். ஒரு காலைச் சறுக்குக் கட்டையில் ஊன்றி உடம்போடு திரும்பி இழுத்தேன். கொக்கி கழன்று முகத்துக்கு நேரே பறந்தது, இன்ஜின் அசையவே இல்லை.

“நீ ரிவர்ஸ்ல சுத்தறம்மா. இந்த இன்ஜின் அந்தப் பக்கம் ஓடும்.”

“இன்ஜின்னா இந்தப் பக்கந்தான ஓடும்!”

“உங்க ஊர் இன்ஜின்.” சொல்லிக்கொண்டே அவள் சரியான பக்கம் சுற்றினாள். இடப்பக்கமாக. பிறகு வழுக்காமல் இருக்க நுனியைக் கைக்கு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“ஏட்டி! கையில சுத்தாதட்டி!”

நான் போட்ட சத்தத்தில் ஏரியே அதிர்ந்திருக்கும். அவள் பயந்து கயிற்றைப் போட்டுவிட்டாள். உதைத்தால் மணிக்கட்டு போகும், நாளைக்கு எந்தக் கையால் ஸ்பானர் பிடிப்பாய் என்று அங்கேயே நின்று வைதேன். அவள் எதிர்த்துப் பேசாமல் நகர்ந்து, ஆக்சிலேட்டர் பக்கம் போய் நின்றாள். “நீ இழு. நான் இதைப் பார்த்துக்கிறேன்” என்றாள்.

இழுத்தேன். இருமியது. அவள் என்னவோ ஒரு பித்தானைத் தள்ளினாள். மறுபடி சுற்றினேன், மறுபடி இழுத்தேன். பிடித்துக்கொண்டது. புகை கக்கி, உறுமி, ஏரி முழுக்க அந்தச் சத்தம் ஓடியது. நான் சண்முகத்தாய் மாதிரி என் மகளைக் கட்டிப்பிடித்தேன். சேறு இல்லாததுதான் குறை.

7

விமானம் இன்னும் வந்திருக்கவில்லை. அங்கே நிலையம் என்றால் ஓர் அறையுள்ள தகரக் குடில், ஓர் ஏஜெண்ட், ஒரு தராசு, ஒரு காபிக் குடுவை. கோதை கயிறில்லாத சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். காலையில் அவள் கேட்டபடியே ஆகிவிட்டது. நான் திரும்பிப் போகக் கயிறு வேண்டுமே, அது என் மடியில் இருந்தது.

நான் இறங்கவில்லை. இன்ஜினை அணைத்தால் மறுபடி தனியாக யார் கிளப்புவது? ஓடவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அவள் பெட்டியை எடை போடுவது தெரிந்தது. தடதடவென்று கீழே இன்ஜின் அதிர, கண்ணாடிக்குப் பின்னால் வாய் அசைகிற ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்ற அம்மா நினைவுக்கு வந்தாள். இன்றைக்கு நான் கீழே நிற்கிறவள். கோதை வெளியே ஓடிவந்து என்னவோ சொல்வாள், நான் தலையை ஆட்டுவேன், அதோடு போய்விடுவாள். இனி விருந்தாளியாகத்தான் வருவாள்.

கோதை வெளியே வந்தாள். நேரே வண்டியிடம் வந்து, எனக்கு முன்னால் கையை நீட்டி, சாவியைத் திருகி அணைத்துவிட்டாள்.

அப்படி ஓர் அமைதி.

“ஏட்டி, என்ன காரியம் பண்ணுன! நான் எப்படிட்டி வீட்டுக்குப் போவேன்?”

“நீ கிளப்பிருவே” என்றாள். “நான்தான் பார்த்தேன்ல. உள்ள வாம்மா, காபி இருக்கு.”

உள்ளே போனோம். காபி கழுநீர் மாதிரி இருந்தது, இரண்டு பேரும் குடித்தோம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். நேர்காணலில் கஷ்டமான கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? “தெரிஞ்சதச் சொல்லு, தெரியாதத மூடியத் தெறந்து காட்டச் சொல்லு” என்றேன். ஏஜெண்ட் என் கையிலிருந்த கரி படிந்த கயிற்றைப் பார்த்து என்னவென்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் கோதை முழுக் கதையையும் சொன்னாள், வாளி வெந்நீரிலிருந்து பல்லால் கடித்தது வரை. “எங்கம்மா இழுத்தாங்க” என்று அவரிடம் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

விமானம் வந்ததும் ஏஜெண்ட், “மிஸ் வாட்ராப்” என்று கூப்பிட்டார். அவள் எழுந்தாள். கதவைத் திறக்குமுன் திரும்பி, என் தொப்பியை இழுத்துக் காதுவரை விட்டாள்.

“காதை மூடிக்கிட்டுப் போம்மா. நடுவுல எங்கயும் நிறுத்தாத. கயித்த இடது பக்கமாச் சுத்து.”

ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அம்மாவும் அன்றைக்கு இதைத்தான் சொல்லியிருப்பாள், காதைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ ஏதோ ஒன்று. பெரிசாக எதையோ தவறவிட்டேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமானம் மறைகிறவரை நின்றேன். பிறகு வண்டியிடம் வந்து, கொக்கியை மாட்டி, கயிற்றைச் சுற்றினேன். மகள் சொன்ன பக்கமாக.

8

நேர்காணலில் அவள் தேறியதும், இடம் கிடைத்ததும், இப்போது நகரத்தில் படிப்பதும் பிறகு வந்த சேதிகள். வண்டிக்குப் புது இழுகயிறு போட்டாயிற்று. பாத்ரூம் கொடி அங்கேயேதான் இருக்கிறது. வெள்ளைக் கயிறு கொக்கியோடு வண்டியின் பையில் இருக்கிறது. இந்த வருஷம் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

நேர்காணலுக்குப் போய் நகரத்தில் இறங்கிய அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். விடுதியைப் பற்றிச் சொல்லவில்லை, மறுநாள் கேட்கப்போகும் கேள்விகளைப் பற்றியும் சொல்லவில்லை. எடுத்ததும் கேட்டாள்.

“எத்தனை இழுப்பும்மா?”

“ஒண்ணுதான்” என்றேன்.

“பொய் சொல்லாத.”

“சரி. அஞ்சாறு.”

அவள் சிரித்தாள். லைன் அன்றைக்கு ரொம்பத் தெளிவாக இருந்தது.